கன்று போட்ட மாடுகளின் அக்கா

எங்கள் அக்கா கொள்ளேகாலை அடுத்த ஹனூரில், ஒற்றைக் கறவை மாட்டை நம்பியிருந்த வீட்டில் பிறந்தார். அந்த மாடு கன்று போட்ட மறுநாள் படுத்தது, எழவேயில்லை. ரத்தத்திலிருந்த சுண்ணாம்புச் சத்து பாலில் இறங்கிப்போனதால்தான் என்று அப்போது யாருக்கும் தெரியாது. அப்பா கூலிக்குப் போனார். அக்கா கால்நடை மருத்துவம் படித்தார்.

மைசூரில் என் பக்கத்துத் தெருவில் குடியிருந்தாலும் அவருடைய பொழுதெல்லாம் கொள்ளேகால் தொழுவங்களில்தான். முதல் நாளே மடியை ஒட்டக் கறந்து தெருவெல்லாம் சீம்பால் பங்கு வைக்கும் வழக்கத்தோடு ஓயாமல் சண்டையிட்டார். அவருடைய இந்த நினைவு மலரில் எழுதலாமா என்று தெரியவில்லை. எனக்கு அந்த மாடுகளின் மேல் பொறாமை. என் வளைகாப்பில் பாதியில் எழுந்து போனார். மாலையில் வந்து, படுத்த மாடு ஊசி போட்டதும் எழுந்து நின்ற கதையையே எல்லோருக்கும் சொன்னார்.

மகள் பிறந்தபின், எதைத் தின்றால் பிள்ளைக்கு ஆகாதோ என்ற பயத்தில் பத்தியச் சோற்றையும் ஒதுக்கினேன். ஒரு காலை அக்கா வந்தார். குழந்தையைத் தூக்கவில்லை. குனிந்து என் மூச்சை மோந்தார். பால் பெருகும்போது தீனி குறைந்தால் மாட்டின் உடம்புக் கொழுப்பு கரைந்து ரத்தத்தில் ஏறும், மூச்சில் ஒரு தித்திப்பு வாடை வரும். தொழுவத்தில் அவர் அப்படித்தான் கண்டுபிடிப்பார்.

“நான் என்ன மாடா?” என்றேன்.

“மாடா இருந்தா சொன்னபடி தின்னிருக்கும், கண்ணு.”

தட்டு நிறையச் சோறு போட்டு எதிரே உட்கார்ந்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் உண்டு முடிக்கும்வரை எடுக்கவில்லை.

சென்ற ஆண்டு, சில வாரக் காய்ச்சலில் அக்கா போய்விட்டார். காரியத்தன்று கொள்ளேகாலிலிருந்து ஓர் அம்மா தூக்கில் கொஞ்சம் சீம்பால் கொண்டுவந்தார். டாக்டரம்மா சொன்னபடி பாதியை மடியிலேயே விட்டுவிட்டாராம். பிறகு என்னைத் தேடி வந்து உட்கார்ந்தார்.

“ஒரே ஒரு நாள்தாங்க அவங்க போன் எடுக்கல. வேற டாக்டர் வந்து என் மாட்டக் காப்பாத்தினாரு. அப்புறம் கேட்டா, தங்கச்சி சாப்பிட்டுட்டு இருந்துச்சுன்னாங்க. அன்னிக்கிருந்து உங்க மேல எனக்குப் பொறாமைங்க.”

சீம்பாலைக் காய்ச்சி இருவரும் சாப்பிட்டோம்.

அக்காவைக் கடைசிவரை கவனித்த மருத்துவர்களுக்கும், தோள் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கொள்ளேகால் தொழுவங்களுக்கும் நன்றி. அதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் பொறாமை இன்னும் இருக்கிறது.