உதறாத பை

நான் வேலை பார்க்கும் அலுவலகத்துக்குப் பள்ளிக்கூடக் கட்டடங்களின் வரைபட வேலை அடிக்கடி வரும். வகுப்பறை, வராந்தா, தலைமையாசிரியர் அறை, தண்ணீர்த் தொட்டி, கழிப்பிடம் என்று ஒவ்வொன்றாக மையில் கோடு போட்டுக்கொண்டே வருவேன். பிள்ளைகள் புத்தகத்தை வைத்துவிட்டுப் போக ஓர் இடம் எந்த வரைபடத்திலும் இருந்ததில்லை. ஒருமுறை நானாகவே வகுப்பறையின் பின்சுவரில் இடுப்பளவு உயரத்துக்குத் தட்டுகள் வரைந்தேன். எங்கள் பொறியாளர் சிவப்புப் பென்சிலால் அதைச் சுழித்து, "புத்தகம் வீட்டுக்குத்தானம்மா போகணும், இங்க எதுக்கு?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிளேடை எடுத்து அந்தக் கோடுகளைச் சுரண்டினேன். சுரண்டும்போது அக்காவின் இடது தோள்தான் ஞாபகத்துக்கு வந்தது.

அக்கா பத்தாவது படித்தபோது நான் எட்டாவது. எண்பதுகளின் தொடக்கம். எங்கள் வீடு சிலமலையில். நான் கைப்பிள்ளையாக இருந்தபோதே அப்பா இறந்துவிட்டார். அம்மா போடியில் ஏலக்காய் மூட்டைகளைச் சேர்த்துவைக்கும் ஒரு கிட்டங்கியில் காய் பொறுக்கும் வேலை பார்த்தாள். காலையில் மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் ஏறுவோம். போடியில் இறங்கி அம்மா கிட்டங்கிக்கும் நாங்கள் பள்ளிக்கூடத்துக்கும் போவோம்.

பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்கென்று அறை கிடையாது. காலையில் ஓட்டுக் கொட்டகை, வெயில் சாய்ந்தால் வேப்பமரத்தடி, மழை வந்தால் தையல் வகுப்பு நடக்கும் வராந்தா. பெஞ்சுக்கு அடியில் தட்டு இல்லை. பூட்டுப் போட்ட அலமாரி ஒன்று இருந்தது. அதற்குள் தேசப்படச் சுருள்களும் சாக்பீஸ் பெட்டிகளும் இருந்தன. எந்த டீச்சர் எப்போது வருவார் என்று சொல்ல முடியாததால் எல்லாமே கையில் இருக்க வேண்டும். அக்காவின் பையில் இருந்தவற்றை இப்போதும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். பாடப் புத்தகங்கள், ஒவ்வொன்றுக்கும் நோட்டு, கணக்குக்கு மட்டும் கூடுதலாக இன்னொன்று, அட்லஸ், ஜியோமெட்ரி பாக்ஸ், தமிழ் உரைநூல், பரீட்சைத் தாள் கட்டு, தையல் துணி, மை பாட்டில், சோற்றுத் தூக்கு. காக்கித் துணியில் அம்மா தைத்த பை அது. கனத்தில் அடி கிழிந்துவிடாமலிருக்க உள்ளே ஒரு சாக்குத் துண்டை வைத்துத் தைத்திருந்தாள்.

அந்தப் பையின் வார் அக்காவின் இடது தோளில் ஒரு பள்ளத்தை உண்டாக்கியிருந்தது. தாவணியை அதன்மேல் மடித்துக் குத்திக்கொள்வாள். பஸ்ஸில் கண்டக்டர் தினமும் வம்புக்கு வருவார்.

"ஏ ஆத்தா, இது புத்தகமா செங்கலா? லக்கேஜ் போடவா?"

"செங்கல்தாண்ணே. ஒங்க வீட்டுக்குத்தான் கொண்டு வர்றேன். எறக்க ஆள் அனுப்புங்க."

பஸ்ஸே சிரிக்கும். இறங்கி நடக்கும்போது அவள் ஒருபக்கமாகச் சாய்ந்துதான் நடப்பாள். இரவில் அம்மா எண்ணெய் தேய்க்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு வாய்ப்பாடு சொல்வாள். அவள் டீச்சராக வேண்டுமென்று இருந்தாள். எங்கள் வீட்டில் பத்தாவது வரை வந்த முதல் ஆள் அவள்தான்.

ஒருநாள் அம்மா எங்களையும் கூட்டிக்கொண்டு போய்க் கிட்டங்கிக் கணக்கப்பிள்ளையிடம் நின்றாள். பள்ளிக்கூடம் அங்கிருந்து கூப்பிடு தூரம்.

"அண்ணே, புள்ளையோட பை ஒண்ணு. சல்லடை மேசைக்கு அடியில கெடந்துட்டுப் போகட்டும். சாயங்காலம் வச்சுட்டு, வேணுங்கிறத மட்டும் வீட்டுக்கு எடுத்துக்குவா. காலையில வந்து வாங்கிட்டுப் போயிருவா."

"பை உள்ள வரக்கூடாதுன்னு ஒனக்குத் தெரியாதா? இன்னைக்கு ஒனக்கு விட்டா நாளைக்கு ஒருத்தி தொட்டிலக் கொண்டாந்து கட்டுவா."

"தோளு பழுத்துப் போச்சுண்ணே. நீங்களே பாருங்க."

அவர் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டு, "பத்தாப்பு முடியிற வரைக்கும்தான். ஒரு பை. ரெண்டாவது வந்துச்சுன்னா ரெண்டையும் தெருவுல வச்சுருவேன்" என்றார். ரெண்டாவது பை என்று அவர் சொன்னது என்னைப் பார்த்து.

கிட்டங்கிக்கு ஒரு வழக்கம் உண்டு. உள்ளே இருந்து வெளியே வரும் எந்தப் பெண்ணும் வாசலில் நின்று முந்தானையை உதற வேண்டும், இடுப்புச் செருகலைத் தளர்த்த வேண்டும், தூக்குச்சட்டியைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். அதைப் பார்ப்பதற்கென்றே ஒரு பெண் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். எல்லோருக்கும் அவர் மதினி. முதல்நாள் காலையில் அக்கா பையை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, உதறுவதற்காகப் புத்தகங்களை வெளியே எடுக்கப் போனாள். மதினி பதறிவிட்டார்.

"ஏடி கூறு கெட்டவளே! சரஸ்வதியப் போயி வாசல்ல வச்சு உதறுவாகளா? போ, போ."

பையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வழி விட்டார். அன்றிலிருந்து அப்படியே பழகிவிட்டது. பெண்கள் எல்லோரும் உதறினார்கள். பை மட்டும் உதறப்படாமல் வெளியே போனது.

சாயங்காலம் அக்கா பையை வைத்துவிட்டுப் போன பிறகும் இருட்டும்வரை மேசைக்கு மேல் சல்லடை ஆடும். பருங்காய் மேலே நிற்கும், சின்னதும் வெடித்ததும் கீழே விழும், சில தெறிக்கும். அக்காவின் பை வாய் திறந்தபடி கீழே கிடந்தது. உள்ளே வைத்துத் தைத்த சாக்குத் துண்டு ஒரு மூலையில் தையல் விட்டிருந்தது. இதெல்லாம் பிறகு சேர்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டவை. அப்போது எங்களுக்குத் தெரிந்தது வாசனை மட்டும். வகுப்பில் பிள்ளைகள், "என்னடி, இன்னைக்கும் ஒங்க வீட்டுல பாயாசமா?" என்று கேலி செய்வார்களாம். போடியில் ஏலக்காய் வாசனையை யார் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்? பஸ் ஸ்டாண்டிலும் அதே வாசனைதான்.

அந்த மாதங்களில் அக்கா நிமிர்ந்து நடந்தாள். தோளில் பள்ளம் மேடேறி வந்தது. அரையாண்டில் கணக்கில் அவள்தான் வகுப்பில் முதல்.

மார்கழியில் கிட்டங்கி நிரம்பி வழிந்தது. நல்ல காய் மூட்டையில் எடை குறைகிறது என்று பேச்சு வந்தது. ஒருநாள் காலையில் நாங்கள் பையை வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது, மதினிக்குப் பக்கத்தில் கணக்கப்பிள்ளை நின்றிருந்தார்.

"அதையும் கொட்டு."

"அண்ணே, அது புத்தகம்ணே" என்றார் மதினி.

"புத்தகந்தான, பறந்தா போயிரும்?"

அக்காவின் கையிலிருந்து பையை வாங்கித் தலைகீழாகப் பிடித்தார். புத்தகங்கள் தரையில் விழுந்தன. மை பாட்டில் உருண்டு படியில் மோதி நின்றது. பிறகு வெறும் பையை உதறினார். பொலபொலவென்று ஏலக்காய் கொட்டியது. அதிகமில்லை, ஒரு கைப்பிடி இருக்கும். ஆனால் அந்தச் சத்தத்தில் உள்ளே சல்லடை ஆட்டியவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

அம்மா காய் புடைக்கும் சொளகோடு வந்து நின்றாள்.

"என்னத்தா இது?"

அம்மா சொளகைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குத்தவைத்து, ஒவ்வொரு புத்தகமாக எடுத்து முந்தானையில் துடைத்துக் கண்ணில் ஒற்றி அடுக்க ஆரம்பித்தாள்.

"அத அப்பறம் பொறுக்கலாம். இதுக்குச் சொல்லு."

"சல்லடையில தெறிச்சு விழுந்துருக்கும்ணே. வேற எனக்குத் தெரியாது."

"சாக்குக்குள்ள போயிருக்குண்ணே, நான் பாக்கவே இல்ல" என்றாள் அக்கா.

"ஒன்னைய யாரும் கேக்கல."

மதினி வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அம்மா அடுக்கி முடித்து, பையை அக்காவின் தோளில் மாட்டி, "மணி ஆச்சு, போங்க" என்றாள். அன்று மதியம் அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்தத் தெருவில் வேறு எந்தக் கிட்டங்கியும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பொங்கல் கழிந்ததும் மலைக்குப் போகும் ஜீப்பில் இடம் கேட்டு வாங்கினாள். விடியுமுன் கிளம்பி, போடிமெட்டைத் தாண்டி ஏலத்தோட்டத்தில் வேலை செய்துவிட்டு, இருட்டியபின் திரும்புவாள். முழுப் பையும் மறுபடி அக்காவின் தோளுக்கு வந்தது.

வடக்கே வியாபாரத்துக்குப் போயிருந்த முதலாளி திரும்பி வந்தது அதற்குப் பிறகுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதினி எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார்.

"யக்கா, மொதலாளி அந்தக் காயக் கையில வாங்குன ஒடனே சொல்லிட்டாக. பிஞ்சும் வெடிச்சதும் கலந்து கெடக்கு, திருடுறவ நல்ல காயா எடுக்க மாட்டாளான்னு. ஒங்கள வேலைக்கு வரச் சொன்னாக."

"வரலைன்னு சொல்லு."

"ஏன்யக்கா? மலைச் சோலி ஒங்க ஒடம்புக்கு ஆகுமா?"

"எம் முந்திய தெனம் உதறுனேன். அது வேலை. புள்ள புத்தகத்தத் தரையில கொட்டுனாகள்ல. அதுக்கு மேல அந்த வாசப்படிய எப்பிடி மிதிப்பேன்?"

அக்கா உள்ளே இருந்து வந்தாள். "புத்தகத்துக்கு ஒண்ணும் ஆகலம்மா. தொடச்சாச்சு. நீ போம்மா."

"நீ படி" என்றாள் அம்மா. அவ்வளவுதான்.

அவள் செய்தது சரியா என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். கூட்டல் கழித்தல் போட்டுப் பார்த்தால் தப்பு. ஆனால் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தப் புத்தகங்களை அவள் தொடும் விதம் வேறு.

சீக்கிரமே அம்மா ஈரச் சருகில் வழுக்கிச் சரிவில் விழுந்தாள். முட்டி வீங்கிவிட்டது. ஜீப்பில் இடம் என்பது வீட்டுக்குத்தான். ஒருவர் வர முடியாவிட்டால் அந்த வீட்டிலிருந்து இன்னொருவர் வர வேண்டும், இல்லையென்றால் இடம் வேறு வீட்டுக்குப் போய்விடும். தோட்டத்துக்கு ஆள் கூட்டிப்போகும் கங்காணி வந்து கேட்டபோது அம்மா வாயைத் திறக்குமுன் அக்கா, "நான் வர்றேண்ணே" என்றாள்.

அம்மா திட்டினாள். அழுதாள். அக்கா, "முட்டி வத்துற வரைக்குந்தாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். தூக்குச்சட்டியோடு ஏதாவது ஒரு புத்தகத்தையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துப் போவாள். ஜீப்பில் பெண்கள், "டீச்சரம்மா, ஏலச் செடிக்குப் பாடம் நடத்தப் போறியா?" என்று கிண்டல் செய்வார்களாம். "அதுக ஒங்கள விட நல்லாப் படிக்கும்" என்பாளாம். சாயங்காலம் அட்டை கடித்த கால்களோடு வந்து, விளக்கு முன்னால் புத்தகத்தை விரித்து உட்கார்ந்தபடியே தூங்கிப்போவாள். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, "பரீட்சைக்கு மட்டும் வந்துரச் சொல்லு, மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றார். அக்காவிடம் சொன்னேன். அன்று அவள் சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே இருந்தாள்.

பரீட்சை நெருங்கும்போது அம்மா நடமாட ஆரம்பித்திருந்தாள். முதல் பரீட்சையன்று அவளே மலைக்குப் போவது என்று முடிவாகியிருந்தது. விடியுமுன் மூவரும் ரோட்டுக்கு வந்தோம். அம்மாவை ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்து படிப்பதாக இருந்த அக்கா பள்ளிக்கூடத் தாவணியிலேயே இருந்தாள். ஜீப்பு வந்தது. அம்மா பின்படியில் ஒரு காலை வைத்தாள். மற்ற காலைத் தூக்க முடியவில்லை. மறுபடி முயன்றாள். முட்டி மடங்கவில்லை.

"ஏறுத்தா வெரசா. செக்போஸ்ட்ல வரிசை விழுந்துரும்" என்றார் கங்காணி.

அக்கா அம்மாவைத் தோளைப் பிடித்து மெதுவாகப் பின்னால் நகர்த்திவிட்டு, அவள் கையிலிருந்த தூக்கை வாங்கிக்கொண்டு ஏறினாள்.

"எறங்குடி. இன்னைக்குப் போகலைன்னா இடம் போயிரட்டும், எறங்கு."

"இன்னைக்குத் தமிழ்தானம்மா. அக்டோபர்ல திரும்ப நடத்துவாங்கல்ல, எழுதிக்கிறேன்."

ஜீப்பு நகர்ந்தது. அம்மா ரோட்டிலேயே நின்றாள். பிறகு என்னைப் பிடித்து உலுக்கி, "ஜீப்பு போடி வழியாத்தான் போகும். மனசு மாறி எறங்குனாலும் எறங்கிருவா. நீ வெரசாப் போ" என்றாள். வீட்டுக்கு ஓடி ஹால் டிக்கெட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடித்தேன். என் கையில் வேறு எதுவும் இல்லை.

பள்ளிக்கூட வாசலில் நின்றேன். பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். பரீட்சை ஹாலுக்குள் பை கொண்டுபோகக் கூடாது. வைப்பதற்கும் இடம் இல்லை. ஒவ்வொருத்தியும் கடைசியாக ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு வேப்பமரத்தடியில் பையைப் போட்டுவிட்டுப் பேனாவோடு உள்ளே போனாள். பைகள் குவிந்துகொண்டே போயின. மணி அடித்தது. தமிழ் டீச்சர் வெளியே எட்டிப் பார்த்தார்.

"ஒங்க அக்கா எங்கடி?"

"மலைக்குப் போயிருச்சு டீச்சர். எறங்கி வந்தாலும் வரும்."

அவர் என் கையிலிருந்த ஹால் டிக்கெட்டைப் பார்த்தார். "அரை மணி நேரம் வரைக்கும் உள்ள விடுவாங்க. நில்லு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ்ஸு போனது, மாட்டு வண்டி போனது, மலையிலிருந்து லோடு ஏற்றிய ஜீப்பு ஒன்று இறங்கி வந்து நிற்காமல் போனது. அக்டோபரில் காய் எடுப்பு உச்சத்தில் இருக்கும், யாருக்கும் லீவு கிடைக்காது என்பது அப்போது எனக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரிந்திருக்கும். அவள் அக்டோபரிலும் எழுதவில்லை, அதற்குப் பிறகும் எழுதவில்லை.

வாட்ச்மேன் வந்து கேட்டைச் சாத்தினார். நான் நகராமல் நிற்பதைப் பார்த்து, "சும்மாதான பாப்பா நிக்கிற? அந்தப் பைகளக் கொஞ்சம் பாத்துக்க. ஆடு வந்து புத்தகத்தத் திங்குது" என்றார்.

மரத்தடிக்குப் போய் உட்கார்ந்தேன். பரீட்சை முடிந்து பிள்ளைகள் வெளியே வரும்வரை அவர்களுடைய பைகளைப் பார்த்துக்கொண்டேன்.