சித்தப்பா ஏறாத ஞாயிற்றுக்கிழமைகள்

லண்டனில் ராஜாவுக்கு முடிசூட்டு என்று சொல்லிப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார்கள். அதற்கு அடுத்த பங்குனியில்தான், இனி ஞாயிற்றுக்கிழமைகளில் பனையேறுவதில்லை என்று என் சித்தப்பா வேதக்கோயிலில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று பொருத்தனை செய்தார். ஊரில் யாரும் அதை நம்பவில்லை. எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது. நானும் நம்பவில்லை.

நம்பாததற்கு எங்களைக் குற்றம் சொல்ல முடியாது. சித்தப்பா எதையும் தொடங்குவதில் சூரர். மூக்குப்பொடியை விட்டுவிட்டேன் என்று டப்பியை ஆற்றில் எறிந்துவிட்டு வருவார். பொழுது சாய்வதற்குள் அப்பாவின் டப்பியைத் தேடுவார். வேதாகமத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தே தீருவது என்று ஆதியாகமத்தில் ஆரம்பித்தவர், லேவியராகமத்தில் பலிகளுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்டு வெளியே வரவேயில்லை. தோட்டத்தைச் சுற்றி வேலி கட்டத் தொடங்கினார். அது இரண்டு பக்கம் மட்டும் நின்றது. ஆடுகள் மற்ற இரண்டு பக்கமாகச் சௌகரியமாக வந்து போயின. இப்படிப்பட்டவர் பாளையங்கோட்டைக்கு நடந்துபோய் ஒரு கூட்டத்தில் பிரசங்கம் கேட்டுவிட்டு வந்து பொருத்தனை செய்தால் அது எத்தனை நாள் தாங்கும்? உளுந்து விதைக்கும்வரை தாங்கும் என்றாள் அம்மா. அப்பா அவ்வளவுகூடக் கொடுக்கவில்லை.

எங்கள் ஊர் தாமிரபரணிக்கும் செம்மணல் மேடான தேரிக்கும் நடுவில் இருந்தது. ஆற்றோரம் வயல் உள்ளவர்கள் வயலைப் பார்த்தார்கள், எங்களுக்குப் பனை. மரங்களும் எங்களுடையவை அல்ல, திருநெல்வேலியில் இருந்த ஒரு முதலாளியுடையவை. ஏறிக்கொள்ள எங்களுக்கு விட்டிருந்தார். அதற்குப் பதிலாகப் பதநீர்க் காலத்தின் முடிவில் கருப்பட்டியாக அளந்துவிட வேண்டும். பனையில் காலையும் மாலையும் ஏறிப் பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவிவிட்டால்தான் பதநீர் சொட்டும். ஒருநாள் விட்டால் வாய் காய்ந்து அடைத்துக்கொள்ளும், மறுபடி திறக்க இரண்டு மூன்று நாள் மல்லுக்கட்ட வேண்டும். அதனால் கிறிஸ்தவ ஊரான எங்கள் ஊரிலும் ஆண்கள் ஞாயிறு விடியுமுன் ஏறி இறங்கிவிட்டு, உடம்பெல்லாம் பதநீர் வாசனையோடு ஆராதனைக்கு வந்து உட்கார்ந்து, மாலையில் மறுபடி ஏறினார்கள். ஆராதனை நடத்திய உபதேசியார் இதைக் கண்டும் காணாதவர்போல இருந்தார். அவர் வீட்டுப் பணியாரத்துக்கும் கருப்பட்டி எங்களிடமிருந்துதான் போயிற்று.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. வனாந்தரத்தில் வானத்திலிருந்து மன்னா என்ற அப்பம் பெய்த கதையை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் அது இரண்டு மடங்கு கிடைத்ததாம். அப்படியானால் சனிக்கிழமை சாயங்காலம் சித்தப்பாவின் கலயங்களிலும் இரண்டு மடங்கு பதநீர் இருந்தாக வேண்டும். முதல் சனிக்கிழமை அவர் இறங்குமுன்பே நான் மரத்தடியில் போய் நின்றேன். இறங்கியதும் அவர் இடுப்புக் குடுவையை எட்டிப் பார்த்தேன். வழக்கமாக எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான் இருந்தது. ஆண்டவருக்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை வேறு விதமான அற்புதம் நடந்தது. சித்தப்பா கலயங்களை மரத்திலேயே விட்டு வைத்திருந்தார். புளிக்காமலிருக்கச் சனிக்கிழமை தடவிய சுண்ணாம்பு இரண்டு இரவையும் ஒரு பகல் வெயிலையும் தாங்குமா? அத்தனை கலயத்திலும் பதநீர் புளித்துப் பொங்கி, அசல் கள்ளாக நுரைத்துக்கொண்டிருந்தது. வாசனை ஊர் முழுக்க அடித்தது. முந்தின நாள்தான் உபதேசியார் பிரசங்கத்தில் சித்தப்பாவின் பக்தியை ஊருக்கெல்லாம் உதாரணமாகக் காட்டியிருந்தார். பக்கத்து ஊர்க் குடிகாரர் ஒருவர் எப்படியோ மோப்பம் பிடித்துக் காலையிலேயே வந்து மரத்தடியில் குந்திவிட்டார். சித்தப்பா ஒவ்வொரு கலயமாக இறக்கி மண்ணில் கவிழ்க்கக் கவிழ்க்க அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"ஏ, தெய்வத்துக்கே அடுக்காது வே! கொட்டாதயும்! நீரு வாராவாரம் ஞாயித்துக்கெழம ஏறாம இரும். ஒமக்காவ நான் செபம் பண்ணுதேன்" என்றார்.

ஊர் சிரித்தது. அத்தோடு பொருத்தனை முடிந்தது என்று அப்பா நினைத்தார். சித்தப்பாவோ அடுத்த சனிக்கிழமை கலயங்களை எல்லாம் கழற்றிக் கீழே கவிழ்த்து வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பதநீர் தரையில் சொட்டியது. நாங்கள் பிள்ளைகள் மரத்தடியில் வாயைத் திறந்துகொண்டு அண்ணாந்து நின்றோம். பாதி மூக்கில் விழுந்தது. எங்களைப் பொறுத்தவரை அதுதான் மன்னா. ஆனால் கருப்பட்டி ஆகாத மன்னா.

வாராவாரம் இதே கதை. திங்களும் செவ்வாயும் பாளை அடைத்துக்கொண்டு அடம்பிடிக்கும். புதனுக்குமேல்தான் சரியாகச் சொட்டும். அது முழு மூச்சில் வருகிற நேரத்தில் சனிக்கிழமை வந்துவிடும். சித்தப்பாவின் கருப்பட்டி அப்பாவுடையதில் பாதிக்கு இறங்கிப்போனது. முதலாளிக்குக் கொடுக்க வேண்டியது குறைந்தால் மரம் கைவிட்டுப் போய்விடும் என்பது எனக்கே தெரியும்.

ஒருநாள் அப்பா பொறுக்கமாட்டாமல் கேட்டார். "ஏலே, உபதேசியார் ஐயா வீட்டுப் பசுவ ஞாயித்துக்கெழம கறக்காம விடுதாவளா? அது பாவம் இல்லயா? இது மட்டும் பாவமோ?"

"மடி கட்டுனா பசு கத்தும் அண்ணே. பனை கத்தாது" என்றார் சித்தப்பா.

"பனை கத்தாது. ஒம் பொண்டாட்டி வயிறு கத்தும்லே!"

சித்தப்பா பாளை அரிவாளை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அவர் வீம்புக்காரர் இல்லை. அது எனக்குத் தெரியும், ஏனென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நான் அவரைப் பின்தொடர்ந்து போனேன். வீட்டிலிருந்து அவர் பைய நழுவுவதைப் பார்த்ததும், இன்றைக்குப் பொருத்தனை உடையப் போகிறது என்று எனக்குள் ஒரு குறுகுறுப்பு. உடைவதை நேரில் பார்க்க வேண்டாமா? ஓலைக் குவியலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர் மரத்தடிக்குப் போய், ஏறுவதற்குக் காலில் தளைநாரை மாட்டினார். மரத்தைக் கட்டிப் பிடித்து நெற்றியை அதில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். உடம்பு ஏறத் துடிக்கிறது என்பது முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. பிறகு தளைநாரைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"ஏட்டி, இங்கன என்ன செய்யுத?"

நான் வேறு ஒன்றும் தோன்றாமல் மனத்தில் இருந்ததையே கேட்டேன். "சித்தப்பா, சனிக்கெழம ஏன் ரெண்டு மடங்கு வர மாட்டேங்கு?"

அவர் தளைநாரைத் தோளில் சரிசெய்துகொண்டார். "நான் அதக் கேக்கலியே, பிள்ள" என்றார். கேட்காமல் இருந்தால் எப்படிக் கிடைக்கும் என்று எனக்கு அவர்மேல் கோபமே வந்தது. அவருக்குப் பதிலாக அன்று முதல் நானே கேட்க ஆரம்பித்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு கேட்பேன். இடையில் கலயம் ஞாபகம் வரும், கலயத்திலிருந்து கருப்பட்டி, கருப்பட்டியிலிருந்து பணியாரம். ஒரு வேண்டுதலை நேர்கோட்டில் கொண்டுபோய் முடிக்க என்னால் ஒருநாளும் முடிந்ததில்லை. வேலியைப் பாதியில் விட்ட மனுஷர் எப்படி இதை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு அதிசயமாக இருந்தது.

ஆவணியில் முதலாளியின் கணக்குப்பிள்ளை வண்டி கட்டிக்கொண்டு வந்தார். அது ஒரு சனிக்கிழமை. விடிலிக்கு, அதாவது எங்கள் பெண்கள் பதநீர் காய்ச்சும் ஓலைக் குடிசைக்கு, முன்னால் கருப்பட்டியை நிறுத்தார்கள். அப்பாவுடையது சரியாக இருந்தது. சித்தப்பாவுடையது குறைந்தது. குறைவதை யாரும் நிறுத்துப் பார்க்கத் தேவையில்லை, குவியலைப் பார்த்தாலே போதும்.

கணக்குப்பிள்ளை கெட்டவர் இல்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த வருஷம் ஞாயித்துக்கெழமயும் ஏறுதேன்னு ஒரு சொல்லு சொல்லும். கொறையை அப்ப அளந்துக்கிடலாம். மொதலாளிகிட்ட நான் பேசிக்கிடுதேன். சொல்லாட்டா மரத்த நான் வேற ஆளுக்குத்தான் விடணும்" என்றார்.

"சொல்லுலே" என்றார் அப்பா. குரல் கெஞ்சியது. அப்பா யாரிடமும் கெஞ்சி நான் கேட்டதில்லை. உபதேசியார்கூடப் பக்கத்தில் வந்து, ஓய்வுநாள் மனுஷனுக்காகத்தானே உண்டானது, ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று மெதுவாகச் சொன்னார். சித்தப்பா தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் உதடு அசைந்தது. இதுவும் லேவியராகமம்தான் என்று எனக்குத் தோன்றியது. இங்கேதான் பாதியில் விடப் போகிறார்.

அப்போது விடிலிக்குள்ளிருந்து சித்தி வெளியே வந்தாள். காலம் முழுவதும் அடுப்புப் புகையில் கிடந்து அவள் கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. ஆண்கள் பேசுகிற இடத்துக்கு அவள் வந்ததே கிடையாது.

"அவிய ஏற மாட்டாவ, ஐயா" என்றாள். "மரத்த வேற யாருக்காவது குடுத்திருங்க."

சித்தப்பா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "ஆமா" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த பங்குனியில் அந்த மரங்களில் வேறொருவர் ஏறினார். சித்தப்பா கிணறு வெட்டப் போனார், கூலிக்கு வண்டியோட்டினார், பத்தமடைக்குக் கோரைக்கட்டு சுமந்தார். எந்த வேலையிலும் ஞாயிறு மட்டும் மாறவில்லை. அவர் சாகும்வரை மாறவில்லை. அற்புதம் ஒன்றும் கடைசிவரை நடக்கவும் இல்லை. அதைப் பற்றி எனக்கிருந்த மனத்தாங்கல் தீர வெகுகாலம் ஆயிற்று.

ஆனால் கணக்குப்பிள்ளை வந்த சனிக்கிழமைக்கு மறுநாள் எனக்கு வேறு கேள்வி. மரம் போனால் பட்டினி கிடக்கப் போவது சித்தி. அவள் ஏன் அப்படிச் சொன்னாள்? ஆராதனை முடிந்ததும் அவளையே கவனித்துக்கொண்டிருந்தேன். அவளும் சித்தப்பாவும் வீட்டுப் பக்கம் திரும்பாமல் கோயிலுக்குப் பின்னால் இருந்த கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். அங்கே ஓரத்தில், சிலுவைகூட நடாத முழ நீள மண்மேடு ஒன்று. அதன் பக்கத்தில் இருவரும் உட்கார்ந்தார்கள். சித்தி மேட்டில் முளைத்த புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். சித்தப்பா அவள் பிடுங்கியதை வாங்கி ஓரமாகப் போட்டார். ஜெபம்கூட இல்லை. வெயில் ஏறியும் அவர்கள் எழுந்திருக்கவில்லை.

அம்மாவிடம் ஓடிவந்து கேட்டேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"போன வருசம் சித்திக்கு ஒரு பிள்ள பெறந்து தங்காமப் போச்சில்லா, அதோட குழிதான். நீ அப்ப ஆச்சி ஊர்ல இருந்த" என்றாள். "அன்னைக்கும் ஞாயித்துக்கெழமதான். நல்ல பதனிக் காலம். கோயில் முடிஞ்சதும் அடக்கம் பண்ணினோம். சாயங்காலம் ஒன் சித்தப்பா மரமேறப் போயிட்டாவ. சித்தி பச்ச ஒடம்போட விடிலியில போயி அடுப்பப் பத்தவச்சா. வேற என்ன செய்ய? பனை நிக்குமா?"

அந்த ஒரு பங்குனி முதல் ஆவணிவரை நான் கலயங்களைத் தவிர வேறெதையும் பார்க்காத பிள்ளை. எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது இன்னும் ஒன்று மட்டும்தான்.

"அன்னைக்குக் கலயத்துல பதனி நெறைய இருந்துச்சாம்மா?"

அம்மா களைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அடிக்கப் போகிறாளோ என்று நான் ஓரடி பின்னால் போனேன். அவள் அடிக்கவில்லை.

"நெறஞ்சுதான் கெடந்துச்சு" என்றாள்.

அது நல்ல சேதி என்றுதான் நான் அன்றைக்கு நினைத்தேன்.