முற்றல் போக மிச்சம்

ஞாயிறு காலை எட்டே முக்காலுக்கு என் கடை காலியானது. எதிர்ச்சாரியில் புதிதாக வந்த தள்ளுபடிக் கடையின் ஷட்டர் அப்போதுதான் மேலே போனது. வெண்டைக்காய் பாதி விலை என்று ஸ்பீக்கர் கத்தியது. என்னிடம் நின்றவர்கள் கையிலிருந்த காயைக் கூடையிலேயே போட்டுவிட்டுச் சாலையைக் கடந்தார்கள். ஒருவர் மட்டும் "தோ வந்துடறேண்ணா" என்றார். இன்னும் வரவில்லை.

எங்களுடையது கள்ளக்குறிச்சியில் சங்கராபுரம் சாலையோரம் உள்ள சின்ன சூப்பர் மார்க்கெட். காய் வாங்க வருகிறவர்தான் பருப்பையும் எண்ணெயையும் எடுத்துப்போவார். காய் வியாபாரம் நின்றால் கடையே நின்றுவிடும். அன்று கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து வந்திறங்கிய வெண்டைக்காய் கூடை நிறையக் கிடந்தது.

"அங்க காய் எப்படி இருக்குன்னு பாத்துட்டு வா" என்று பிளஸ் டூ படிக்கும் மகளை அனுப்பினேன். அரை மணி நேரமாகியும் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. கூட்டத்தில் மிதிபட்டாளோ, வேவு பார்க்க வந்தவள் என்று உட்கார வைத்துவிட்டார்களோ? அடையாளம் தெரியாமலிருக்க ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நானே கிளம்பினேன்.

"ஹெல்மெட்ட கயட்டிட்டுப் போங்க சார்" என்றார் வாசல் காவலாளி. கழற்றினேன்.

"இன்னாண்ணா, நீங்களும் இங்கதானா?" என்றார் என் பழைய வாடிக்கையாளர். வரிசை முழுக்கச் சிரித்தது.

உள்ளே வெண்டைக்காயை அரைக் கிலோ பொட்டலங்களாக்கி, மெல்லிய பிளாஸ்டிக் சுற்றி அடுக்கியிருந்தார்கள். நுனியை ஒடித்துப் பார்க்காமல் வெண்டைக்காய் வாங்குகிற ஆள் எங்கள் ஊரில் கிடையாது. அடுக்கைச் சுற்றி ஒரே கூட்டம். நடுவில் என் மகள். பிளாஸ்டிக்கைப் பிரித்து, நுனியைப் பட்டென்று ஒடித்து, நான்கு பொட்டலத்துப் பிஞ்சை ஒரே பொட்டலத்தில் திணித்து நீட்டிக்கொண்டிருந்தாள். என் கடையில் கற்ற வித்தை.

"எனக்கும் பாத்துக் குடும்மா" என்றார் எங்கள் தெரு அம்மாள் ஒருவர்.

"வரிசையா வாங்கக்கா" என்றவள் என்னைப் பார்த்து, "தோ, இன்னும் ரெண்டே பேருப்பா" என்றாள்.

டை கட்டிய மேலாளர் வேகமாக வந்தார். "யாரு இந்தப் பொண்ணு?"

"எதிர்க்கடைக்காரரு பொண்ணு சார். நல்லா பாத்துக் குடுக்குது" என்றார் அந்த அம்மாள், பெருமையாக.

மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மாதங்கள் ஆகிவிட்டன, இன்றும் டை கட்டியவரைக் கண்டால் ஹெல்மெட்டைத் தேடுகிறேன்.

அன்று சாயங்காலம்வரை என் வெண்டைக்காயை ஒருவரும் தொடவில்லை. எல்லார் வீட்டிலும் என் மகள் பொறுக்கிக் கொடுத்த பிஞ்சு இருந்தது. வாடத் தொடங்கிய காயின்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது அதே மேலாளர் டையைத் தளர்த்திக்கொண்டு என் கடைக்குள் வந்தார். போலீசோடு வந்திருக்கிறாரா என்று அவர் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. அவர் நேராகக் கூடையிடம் போனார்.

"வூட்ல வெண்டைக்கா வாங்கினு வரச் சொன்னாங்கண்ணா. உங்க பொண்ணு பொறுக்கினது போக எங்க கடையில முத்தல்தான் கெடக்குது. இங்க ஒடச்சிப் பாத்து எடுக்கலாமில்ல?"