செர்வா திறந்த குப்பி

உறைபெட்டியின் கதவில் இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் ஆன்ட்டி செர்வா அதைத் திறப்பார். "பெரிய விஞ்ஞானி வர்றா, எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க" என்பார், மைனஸ் எண்பது டிகிரியில் விறைத்துக் கிடக்கும் குப்பிகளைப் பார்த்து.

குமாசி நகரின் அந்த ஆய்வுக்கூடத்தில் அவருக்கு இருபத்திரண்டு வருட வேலை. படித்தது டிப்ளோமாதான். ஆனாலும் புதுக் குப்பி வந்தால் பேராசிரியர்களே அவரைத்தான் கூப்பிடுவார்கள். "பட்டம் அவங்களுக்கு, பாட்டில் எனக்கு" என்பார். மதியச் சோற்றில் மிளகாய்க் குழம்பைக்கூடச் சொட்டுச் சொட்டாகத்தான் விட்டுக்கொள்வார். கை பழகிவிட்டது.

போன டிசம்பரில், ஐந்து மாதம் காத்திருந்தபின் ஒரு புரதம் வந்தது. உடம்புக்குள் பெண் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம் அது; மனித மரபணுவைப் பூச்சியின் செல்லுக்குள் வைத்து உண்டாக்கியது. சந்தையில் நடுவயதுப் பெண்களுக்கு மருந்தாக விற்கும் ஒரு மரப்பட்டையின் சாறு அதில் ஒட்டுகிறதா என்று பார்ப்பதுதான் ஆய்வு மாணவி டெலாவின் வேலை. செர்வா குப்பியை வெளிச்சத்தில் பிடித்தார். "மனுஷப் புரதம், பூச்சிக்குள்ள வளந்து, ப்ளேன்ல வந்திருக்கு. எனக்கு பாஸ்போர்ட்டே கெடையாது."

பாலைவனத்திலிருந்து ஹார்மட்டான் என்ற வறண்ட காற்று வீசும் நாட்கள். உதடு வெடிக்கும், கதவுப்பிடியைத் தொட்டால் சுளீர் என்று ஷாக் அடிக்கும். குப்பிக்குள் புரதம் உலர்ந்த பொடியாகத்தான் இருக்கும்; அந்த வறட்சியில் அது கண்ணுக்குத் தெரியாமல் எகிறிப்போய் மூடியில் ஒட்டிக்கொள்ளும். இயந்திரத்தில் ஒரு நிமிடம் சுழற்றி அதைக் கீழே இறக்கியபிறகுதான் திறக்க வேண்டும். அன்று மின்சாரம் இல்லை. "என் கைக்கு மெஷின் எதுக்கு?" என்று செர்வா மூடியைக் கழற்றிக் குப்பையில் போட்டார். உப்புக்கரைசலை விட்டுக் கலக்கி, பன்னிரண்டு சிறு குழாய்களில் பிரித்து, முத்து முத்தான கையெழுத்தில் புரதத்தின் பெயரை எழுதினார்.

நான்கு மாதம் டெலாவின் சோதனையில் பூஜ்யம்தான் வந்தது. மரப்பட்டை கிடக்கட்டும், அசல் ஹார்மோனே ஒட்டவில்லை.

"என் கை வெளங்காத கை, ஆன்ட்டி. நீங்க கலந்து குடுத்ததுல தப்பே இருக்காது. நான் ஆராய்ச்சிய விட்டுட்டு எங்க ஊருக்கே டீச்சரா போயிடறேன்."

அவள் போனதும் செர்வா ஒரு குழாயிலிருந்து ஒரு சொட்டை எடுத்துச் சாயத்தில் விட்டுப் பார்த்தார். புரதம் இருந்தால் சாயம் நீலமாகும். அது பழுப்பாகவே நின்றது. அப்போதுதான் குப்பையில் போட்ட மூடி நினைவுக்கு வந்தது.

மூன்று நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. வழியில் கெட்டிருக்கும், சுங்கத்தில் வெயிலில் கிடந்திருக்கும் என்று சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேசப் போவதில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. "கைக்கு மெஷின் எதுக்காம்! வாய்க்குத்தான்டி உனக்கு பூட்டு வேணும்" என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

நான்காம் நாள் டெலா விலகல் கடிதத்தோடு வந்தாள்.

"உன் கையில ஒரு கொறையும் இல்ல. மூடியோட புரதத்தக் குப்பையில போட்டவ நான். நாலு மாசமா உனக்கு நான் குடுத்தது உப்புத்தண்ணி. ஒலகத்துலயே ரொம்பப் பத்திரமா வெச்சிருந்த உப்புத்தண்ணி."

டெலாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கடிதத்தை மடித்துப் பைக்குள் தள்ளினாள். "யார்கிட்டயும் சொல்ல வேணாம், ஆன்ட்டி. வழியில கெட்டுப்போச்சுன்னு வெச்சுக்கலாம்."

செர்வா போய் உறைபெட்டியைத் திறந்தார். மிச்சமிருந்த ஐந்து குழாய்களையும் எடுத்தார். புரதத்தின் பெயரை அடித்துவிட்டு, ஒவ்வொன்றிலும் அதே முத்தான எழுத்தில் 'உப்புத்தண்ணீர். தயாரித்தவர்: செர்வா' என்று எழுதி, கதவைத் திறப்பவர் கண்ணில் முதலில் படுகிற தட்டில் வரிசையாக நிறுத்தினார்.