டைட்டஸுக்குக் கிறிஸ்மஸ்

இந்தக் கிறிஸ்மஸுக்கு என் மகள் அவளுடைய நாய்க்குப் பரிசு வரவழைத்தாள். போனில் தட்டிய அரை மணியில் வாசலுக்கு வந்துவிட்டது. பெட்டிக்குள் நாய் போட்டுக்கொள்ள ஒரு சிவப்புக் குல்லா, ஒரு ரப்பர் எலும்பு, கேரட் போட்ட கேக். கேக் டப்பாவின் மேல் பச்சைப் புள்ளி இருந்தது. சைவ கேக்காம்.

"ஆச்சி வெஜ் இல்லியா மம்மி, அவங்க ஞாபகமா இருக்கட்டும்னு," என்றாள். டெல்லியில் பிறந்து வளர்ந்த என் மகளின் தமிழுக்கு அது நீளமான வாக்கியம். பாராட்டியிருக்க வேண்டும். எனக்கோ சுரீரென்று கோபம்தான் வந்தது. என் அம்மா ஞாபகமாக நாய்க்குக் கேரட்டா? நீங்கள் என் அம்மாவைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் உங்களுக்கும் வந்திருக்கும்.

அந்த ரப்பர் எலும்பை மோந்து பார்த்தேன். செருப்புக்கடை வாசனை. என் மூக்கு தேடியது வேறு. கரிப்புகையும் டிசம்பர் மூடுபனியும் டால்டா டப்பாவில் கொதிக்கும் ஆட்டெலும்பும் கலந்த ஒரு நெடி. சுத்த சைவ வீட்டுப் பெண்ணுக்கு அந்த நெடியை மோந்தால் தாய்வீட்டு ஞாபகம் வருகிறது என்றால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

அப்போது டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு நடந்தே போகிற தூரத்தில் எங்கள் அரசாங்கக் குவார்ட்டர்ஸ். அப்பா ஓர் அமைச்சகத்தில் குமாஸ்தா. சொந்த ஊர் திருநெல்வேலி, வீட்டில் முட்டைகூட நுழையாது. எதிர் வீட்டில் ஸ்டெல்லா அக்கா இருந்தாள். அவளும் எங்கள் ஜில்லாதான், கிறிஸ்தவப் பெண், பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் எடுத்து வளர்த்த தெருநாய்தான் டைட்டஸ். பழுப்பு நிறம், ஒரு காது மடங்கியிருக்கும்.

தொண்ணூற்று மூன்றில் ஸ்டெல்லா அக்காவுக்குக் குவைத்தில் வேலை கிடைத்தது. டைட்டஸை எங்களிடம் விட்டுப் போனாள். கீழே டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறார், அவள் படிக்கட்டில் நின்று அழுதுகொண்டே சொல்கிறாள்.

"அக்கா, மத்த நாளு பூரா உங்க சாப்பாடே போதும் அவனுக்கு. கிறிஸ்மஸுக்கு மட்டும் ஒரு எலும்பும் கழுத்துக்கு ஒரு புதுப் பட்டையும் குடுத்திருங்க. குட்டியிலருந்து பழக்கிட்டேன்."

அம்மாவும் அழுதுகொண்டிருந்தாள். காலடியில் நின்ற டைட்டஸின் தலையில் கையை வைத்தாள். "இவன் தலை மேல சத்தியம். குடுப்பேன், நீ நிம்மதியாப் போ."

டாக்ஸி முனை திரும்பிய பிறகுதான் என்னைப் பார்த்துக் கேட்டாள். "ஏட்டி, எலும்புன்னா சொன்னா?"

தன் தலையில் கை வைத்துச் சொல்லியிருந்தால் அம்மா ஏதாவது பரிகாரம் செய்து தப்பித்திருப்பாள். அடுத்தவர் தலையில் வைத்துச் செய்த சத்தியம் பொய்த்தால் அந்தத் தலைக்குத்தான் ஆபத்து என்பது எங்கள் வீட்டுச் சட்டம். எலும்பு கொடுக்காவிட்டால் டைட்டஸ் செத்துப்போவான். அம்மா இதை ஓட்டைக் காலணா அளவுக்குக்கூடச் சந்தேகிக்கவில்லை.

"ஏழு தலைமுறையா நம்ம வீட்டுல கவுச்சி நுழைஞ்சதில்ல," என்றார் அப்பா.

"ஏழு தலைமுறையில ஒருத்தரும் நாய் தலையில சத்தியம் செய்யல. நான் செஞ்சிட்டேன். போய் வாங்கிட்டு வாங்க."

அந்த டிசம்பரில் அப்பாவும் நானும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போனோம். அப்பளம், நல்லெண்ணெய், முருங்கைக்காய் வாங்குகிற அதே மார்க்கெட்டில் இத்தனை வருஷமாக மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிய சந்துக்குள் நுழைந்தோம். தெரிந்த தமிழர் யாரும் நின்றால் காதில் விழட்டும் என்று அப்பா உரக்கச் சொன்னார். "குத்தே கே லியே, பையா. குத்தே கே லியே." நாய்க்குத்தான், நாய்க்குத்தான்.

கசாப்புக்காரர் சிரித்தார். "அச்சா பாபுஜி, சப் யஹீ கஹ்தே ஹைன்." எல்லோரும் இப்படித்தான் சொல்கிறார்களாம். அப்பா அந்த அவமானத்திலிருந்து பொங்கல்வரை மீளவில்லை.

எலும்பு முருங்கைக்காய்க்கு அடியில் ஒளிந்து வீடு வந்தது. பின்பக்கப் பால்கனியில் குமுட்டி அடுப்பு, அதன்மேல் காலி டால்டா டப்பா. அம்மா முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு கிண்டினாள். கரண்டி தர மனசு வராததால் கிண்டியது என்னுடைய மர ஸ்கேலால். அரையாண்டு லீவு முடிந்து அந்த ஸ்கேலோடுதான் நான் பள்ளிக்கூடம் போனேன். ஒரு வாரம் என் டெஸ்க்கைச் சுற்றி இரண்டு பூனைகள்.

பட்டை நான் தைத்தது. அப்பாவின் பழைய பெல்ட்டில் சிவப்பு ரிப்பன் சுற்றி, கிழித்த காலண்டர் தாளில் பொட்டலம் கட்டினேன். டைட்டஸ் ஒரே கடியில் தாளைக் கிழித்தான். பட்டையைத் திரும்பியும் பார்க்கவில்லை, தாளை மென்று தின்றான். பிறகு எலும்பு. மறுநாளிலிருந்து பழையபடி தயிர்சாதம், ஞாயிற்றுக்கிழமை சொதி. அதையும் நக்கித் தீர்ப்பான்.

சிக்கல் என்னவென்றால் கிறிஸ்மஸ் மார்கழியில் வருகிறது. எங்கள் குவார்ட்டர்ஸில் தமிழ்ப் பெண்கள் பதினைந்து பேர் மார்கழி முழுக்க விடியற்காலையில் தெருத்தெருவாகப் பாடிக்கொண்டு போவார்கள். கடைசியில் யாராவது ஒருவர் வீட்டில் பொங்கல். எந்த நாள் யார் வீடு என்று சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். கோஷ்டிக்குத் தலைவி அண்டர் செக்ரட்டரி மாமி. பதவி மாமாவுடையது, அதிகாரம் மாமியுடையது. தினமும் மூடுபனியில் அவர்களுக்கு முன்னால் வால் ஆட்டிக்கொண்டு வழிகாட்டிப் போவது டைட்டஸ். வேற்றுத் தெரு நாய்கள் கிட்ட வராது.

மாமியைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அம்மா டெல்லிக்கு வந்த புதிதில் ஹிந்தியில் பால் என்றுகூடக் கேட்கத் தெரியாது. மாமிதான் கையைப் பிடித்து பஸ் ஏற்றி, கடை காட்டி, நான் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கூட இருந்தவர். அந்தக் கோஷ்டியை விட்டால் அம்மாவுக்கு அந்த ஊரில் பேச ஆள் கிடையாது. இது உங்களுக்குத் தெரிய வேண்டும், தெரிந்தால்தான் அம்மா செய்தது என்னவென்று புரியும்.

நான்காம் வருஷம் சீட்டில் டிசம்பர் இருபத்தைந்து எங்கள் வீட்டுக்கு விழுந்தது. முந்தின நாள் சாயங்காலம் மாமி வந்தார். காபியைத் தொடவில்லை.

"நாய்க்கு எலும்பு வேக வைக்கறேளாமே. போன வருஷமே காதுல விழுந்தது, நான் நம்பலை. மார்கழி மாசம், கோஷ்டி வர்ற ஆத்துல அதெல்லாம் வேண்டாம். மறுநாள் போடுங்கோ. நாய்க்குக் கிழமை தெரியப் போறதா?"

"அதுக்குத் தெரியாது மாமி. எனக்குத் தெரியுமில்லா."

"அப்போ எங்க மனுஷா யாரும் உங்காத்துப் படி ஏற மாட்டா. நாளைக்கு மட்டுமில்லை."

அம்மா டைட்டஸைப் பார்த்தாள். அவன் மாமியின் செருப்பின் மேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

"ஏறாட்டா போகுது மாமி. இந்தப் பொங்கல் போனா இன்னொரு பொங்கல் வைக்கலாம். இவன் தலைக்கு நான் எங்க போவேன்?"

மாமி போனதும் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "அவ வீட்டுக்காரரு என் ஃபைல்ல கையெழுத்துப் போடுதவரு."

"நாய் ஃபைல்ல நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்," என்றாள் அம்மா.

மறுநாள் விடியுமுன்னே எழுந்து பதினைந்து பேருக்கும் வெண்பொங்கல் வைத்தாள். வர மாட்டார்கள் என்று தெரிந்தே வைத்தாள். பின்பக்கம் டால்டா டப்பாவும் ஏறியது, வழக்கமாகச் சாத்தும் பால்கனிக் கதவை அன்று விரியத் திறந்து வைத்தாள். நெய்யும் மிளகும் ஒரு பக்கம், எலும்பு ஒரு பக்கம், பனி இரண்டையும் பிடித்துத் தெருவிலேயே நிறுத்தி வைத்திருந்தது. ஜால்ராச் சத்தம் எங்கள் படிக்கட்டுக்குக் கீழே வந்தது. நிற்கவில்லை.

அம்மா விளக்கை எடுத்துக்கொண்டு படியில் போய் நின்றாள். கீழே அவர்கள் பாடிய அதே பாட்டை மேலிருந்து பாட ஆரம்பித்தாள். அவளுக்குச் சுருதி கிடையாது. கோஷ்டியில் அவளை எப்போதும் பின்வரிசையில்தான் நிறுத்துவார்கள். அன்று அந்தக் குரல் கீழே போன பதினான்கு குரலையும் முட்டித் தள்ளியது. மாடி ஜன்னல்கள் திறந்தன. எனக்கு வெட்கமாக இருந்தது, அவளுக்கு இல்லை.

டைட்டஸ் என்ன செய்தான் தெரியுமா? புதுப் பட்டையோடு படியிறங்கி ஓடி, வழக்கம்போலக் கோஷ்டிக்கு முன்னால் வாலை ஆட்டிக்கொண்டு பனிக்குள் போய்விட்டான்.

"போறான் பாரு துரோகி," என்றேன்.

"போகட்டும் டீ. கோவம் எனக்குத்தான, அவனுக்கு என்ன?" அம்மாவின் கண் நிறைந்திருந்தது. சிரிப்பும் இருந்தது.

ஒரு மணி கழித்துத் திரும்பி வந்து எலும்பைத் தின்றான். மூக்கு நுனியில் யார் வீட்டுப் பொங்கலோ ஒட்டியிருந்தது. எங்கள் பொங்கலை இஸ்திரிக்காரருக்கும் காவல்கார சௌகிதாருக்கும் கொடுத்து, மிச்சத்தை இரண்டு நாள் தின்றோம். அடுத்த மார்ச்சில் அப்பாவை அடித்தளத்தில் பழைய ஃபைல் அறைக்கு மாற்றினார்கள். இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா, யாருக்கும் தெரியாது. ரிட்டயர் ஆகும்வரை அப்பா அதை "டைட்டஸ் போட்ட ஆர்டர்" என்றே சொல்லிவந்தார்.

மாமி சொன்னால் சொன்னதுதான், கோஷ்டி எங்கள் படி ஏறவே இல்லை. அம்மாவும் அம்மாதான். ஒவ்வொரு மார்கழியும் முப்பது நாளும் படிக்கட்டில் தனியாக நின்று சுருதியில்லாமல் பாடினாள். மாலையில் பேச ஆளில்லாமல் பால்கனியில் உட்கார்ந்திருப்பாள். கஷ்டமாகத்தான் இருந்தது அவளுக்கு. ஒருநாளும் இறங்கிப்போகவில்லை.

டைட்டஸ் இரண்டாயிரத்து நான்கு பிப்ரவரியில் போனான், கிழவனாகி, பல்லெல்லாம் விழுந்து, தூக்கத்தில். அதற்கு முந்தின கிறிஸ்மஸுக்கு அம்மா எலும்பை நாள் முழுக்க வேகவைத்துச் சாறு எடுத்து, தன் விரலால் ஊட்டினாள். ஏழு தலைமுறையில் முதல் விரல். "ஒரு வருஷம் தவறல," என்றாள், புதைத்துவிட்டு வந்து.

அந்தக் குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே கண்ணாடிக் கோபுரங்கள். அந்தப் படிக்கட்டு இல்லை, மாமி இல்லை, அப்பாவும் அம்மாவும் இல்லை. குவைத்திலிருந்து டைட்டஸ் பெயருக்கு வந்துகொண்டிருந்த கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டைகளும் நின்று வெகுகாலம் ஆகிறது.

கேரட் கேக்கை மகளிடமே கொடுத்து, "இதை நீ சாப்பிடு," என்றேன். மெட்ரோ பிடித்து ஐ.என்.ஏ. போனேன். யாருக்கு என்று அந்தக் கடையில் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எங்கள் பதினான்காம் மாடிப் பால்கனியில் எலும்பை வேகவைத்தேன். ஸ்கேல் இல்லை, நல்ல கரண்டியால்தான் கிண்டினேன். பால்கனிக் கதவையும் வாசல் கதவையும் விரியத் திறந்து வைத்தேன். பக்கத்து வீட்டுப் பெண்மணி லிஃப்டிலிருந்து இறங்கினார், சைவக் குடும்பம், வெள்ளிக்கிழமை பஜனை வைக்கிறவர். மூக்கைச் சுளித்தார். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலுக்கே போய் நின்றேன். அம்மாவின் பதில்கள் அத்தனையும் நாக்கு நுனியில் தயாராக இருந்தன.

அவர் போனைப் பார்த்துக்கொண்டே, "ஹேப்பி கிறிஸ்மஸ்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.