தேதி கேட்காத வாடகைக் கடை

திரும்பி வந்த கதிரைகள் ஒவ்வொன்றிலும் பிலோமினம்மா உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தார். லொறி நிறைய வந்தாலும் ஒன்றைக்கூட விடமாட்டார். ஐம்பத்தெட்டு வயதில் இது என்ன விளையாட்டு என்று, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற நான் கேட்டேன். "காலு ஒடிஞ்சிருந்தா நான் விழுந்துக்கிறேன் சேர். மாப்பிள்ளையோட மாமா விழுந்தா சம்பந்தமே முறிஞ்சுபோயிடும்" என்றார்.

புளத்கொகுபிட்டிய பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால் அவருடைய வாடகைக் கடை. கதிரை, பந்தல், அண்டா, சவுண்ட் செட் எல்லாம் உண்டு. சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் நல்லது கெட்டது எது நடந்தாலும் அவருடைய லொறி மேலே ஏறியாக வேண்டும். பேரம் பேசுவது சிங்களத்தில், திட்டுவது தமிழில். அவரிடம் திட்டு வாங்காத டிரைவர் இந்தப் பக்கம் இல்லை.

கல்யாண வீட்டுக்குத் தேதி எழுதுவார். மரண வீட்டுக்கு எழுதமாட்டார். சாமான் எப்போது திரும்பி வரும் என்றும் கேட்கமாட்டார். "சாவு வீட்டுல நின்னுக்கிட்டு எப்ப முடியும்னு கேக்கிறதாங்க?" கதிரைகள் முழுவதும் கல்யாணத்துக்குப் பேசியிருந்தாலும் இடையில் ஒரு சாவு விழுந்தால் அதற்குத்தான் முதலிடம். கல்யாண வீட்டுக்குப் போன் போட்டு, "நூறு கதிரை விட்டுக் குடுங்க" என்பார். முப்பது வருடத்தில் யாரும் மறுத்ததில்லையாம்.

ஒரே பந்தலை இரண்டு வீட்டுக்குப் பேசிவிட்டு முழித்த பிறகுதான் கம்ப்யூட்டர் வந்தது. கடையைக் கூட இருந்து பார்க்கும் அண்ணன் மகன் லியோன், கொழும்பில் விற்கும் ஆயத்த மென்பொருள் ஒன்றை ஒரு மாதம் பரீட்சித்துப் பார்க்க ஏற்பாடு செய்தான். விசேஷங்களின் பட்டியலில் திருமணம், பிறந்தநாள், கருத்தரங்கு எல்லாம் இருந்தன. மரண வீடு எங்கே என்று விற்க வந்தவரிடம் பிலோமினம்மா சிங்களத்தில் கேட்டார். 'ஏனையவை' என்பதில் போடலாம் என்று பதில் வந்தது. "அன்னைக்கே எனக்கு மனசுக்குப் புடிக்கல. வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன்" என்று இப்போது சொல்லிக்கொள்கிறார்.

அந்த மாதமே பிரஷர் கூடி கரவனெல்ல ஆஸ்பத்திரியில் மூன்று நாள் படுத்துவிட்டார். அப்போதுதான் தோட்டத்து மேல் டிவிசனில் காத்தமுத்துவின் தாயார் மூக்காயி இறந்துபோனார். காத்தமுத்து கடைக்கு வந்தார். திரையில் எல்லாக் கதிரைக்கும் நேரே சிவப்பு. லியோன் இல்லையென்று சொல்லி அனுப்பிவிட்டான். இரண்டு நாள் மழையில் சனங்கள் உரச்சாக்கை விரித்து உட்கார்ந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குக் கதிரை பேசியிருந்த கல்யாண வீட்டார், "எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்று சண்டைக்கே வந்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிலோமினம்மா நேரே காத்தமுத்து குடியிருந்த தொழிலாளர் லயத்துக்குப் போனார். காத்தமுத்து கோபப்படவில்லை. வீட்டில் இருந்த ஒரே கதிரையைத் தூக்கி வந்து போட்டு, "கம்ப்யூட்டருல இல்லைன்னுச்சாம், நீங்க என்னங்கம்மா செய்வீங்க" என்றார். பிலோமினம்மாவால் அதில் உட்கார முடியவில்லை. என்னிடம் இதைச் சொல்லும்போதும் அழுதார்.

அடுத்த வாரம் ருவான்வெல்லையில் இருக்கும் ஷாமிளாவை அழைத்தார். லயத்தில் பிறந்து, வீட்டிலிருந்தே கொழும்புக் கம்பெனிக்கு வேலை செய்கிற பெண். கடைக்கென்றே தனியாக ஒரு மென்பொருள் செய்து தர மூன்று மாதம் கேட்டாள். அந்தச் செலவில் புதுப் பந்தலே வாங்கலாம் என்றான் லியோன். ஆயத்தமானது இன்றைக்கே ஓடும், பழுதானால் கேட்க ஆளிருக்கிறது, ஷாமிளா கட்டிக்கொண்டு போய்விட்டால் யார் பார்ப்பது என்றான். நியாயமான பேச்சுதான். நானும் அவன் பக்கமே சேர்ந்துகொண்டேன்.

"கடையை அதுக்குத் தக்கன மாத்திக்கச் சொல்றீங்க. கல்யாணத்துக்கு மாத்திக்கிறேன் சேர். சாவுக்கு மாத்திக்க மாட்டேன்" என்றார். ஆனால் ஷாமிளாவையும் சும்மா விடவில்லை. "நீ போற எடத்துக்கு என் கடையையும் கொண்டு போயிடக்கூடாது, ஆமா." எழுதிய புரோகிராம் முழுவதையும் கையில் கொடுப்பதாகவும், வேறு யாரும் திறந்து திருத்தலாம் என்றும் அவள் வாக்குக் கொடுத்த பிறகே சம்மதித்தார்.

போன வாரம் ஷாமிளா அதைக் கொண்டுவந்தாள். முதல் பக்கத்திலேயே பெரிதாக 'சாவு வீடு'. அதை அழுத்தினால் அன்றைக்குக் கதிரை பேசியிருக்கும் கல்யாண வீடுகளின் போன் நம்பர்கள் வருகின்றன. திருப்பித் தரும் தேதியை வெறுமையாக விடலாம்.

"ஒரு பேரு போட்டுப் பாப்போம் ஆன்ட்டி. இறந்தவங்க பேரு?"

"சும்மா யாரு பேரையாச்சும் போடு" என்று லியோன் என்னைப் பார்த்துச் சிரித்தான். பிலோமினம்மா அவன் கையில் ஓர் அடி போட்டார்.

"உசுரோட இருக்கிற மனுசரு பேரையா போடுவ?"

"அப்ப மூக்காயிப் பாட்டி பேரைப் போடவா?" என்றாள் ஷாமிளா.

"அந்த மனுசியைப் படுத்துனது போதும். தள்ளு."

மூக்குக் கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டார். ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி 'பிலோமினம்மா' என்று அடித்தார். கதிரைக்கு நேரே நூறு என்று போட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, அதை அழித்து இருநூறாக்கினார்.