எல்லா விடையிலும் ஒன்று கூடுதல்

பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகு, காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த என் பத்து வயது மகள் மரியத்தைத் தமிழ்ப் பள்ளியில் சேர்த்தேன். கணக்கில் அவள் புலி. பிரெஞ்சுப் பள்ளியில் வகுத்தல் கணக்குக்குக் கழித்தலை மனத்திலேயே போட்டு, மீதியை மட்டும் எழுதுவார்கள். புதுப் பள்ளியிலும் அவள் அப்படியே எழுதியிருக்கிறாள்.

வாத்தியார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "வழி எழுதாம விடை மட்டும் எப்படிங்க வரும்? பக்கத்துல பார்த்து எழுதிருக்கா."

நானும் அதே முறையில் படித்தவன்தான். ஆனாலும் நோட்டைத் திறந்துகூடப் பார்க்காமல், எல்லார் முன்னாலும் அவளை அறைந்தேன்.

அடுத்த பரீட்சையில் முட்டை வாங்கி வந்தாள். விடைத்தாளை வாங்கி, கணக்குகளை நானே போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு விடையிலும் சரியாக ஒன்று கூடுதல்.

"சரியாப் போட்டா பார்த்து எழுதினேன்னு அடிக்கிறீங்களே, வாப்பா. அதான் ஒண்ணு கூட்டிப் போட்டேன்" என்றாள்.

மறுநாள் அதே வாத்தியாரைக் கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதச் சொன்னேன். அவர் சாக்கட்டியைக் கீழே வைக்குமுன் மரியம் விடை சொன்னாள். அதற்கும் அந்த மனிதர், "பொம்பளப் புள்ளைக்கு இவ்வளவு கணக்கு எதுக்குங்க?" என்கிறார்!

இப்போதெல்லாம் புகார் வந்தால் முதலில் நோட்டைப் பார்க்கிறேன், அவளைக் கேட்கிறேன். அடித்ததற்கு அவளிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டேன். வாத்தியார் இன்னும் கேட்கவில்லை.